வீட்டு மைனிங் ரிக்: ஆர்எக்ஸ் 580 வாங்குவதா, 1660 சூப்பர் வாங்குவதா?

2021 ஜனவரியில் மதுரையில் எங்கள் வீட்டு மாடி அறையில் எத்தீரியம் மைனிங்குக்காக (கணினிக் கணக்கீடு செய்து அந்தக் கிரிப்டோ நாணயத்தை ஈட்டுவது) நான்கு கிராஃபிக்ஸ் கார்டுகள் கொண்ட ரிக் (கணினி அமைப்பு) ஒன்றை அமைக்க முனைந்தபோது, கையிலிருந்த பணத்துக்கு அடங்கியவை இரண்டுதான்: பயன்படுத்திய ஆர்எக்ஸ் 580 8 ஜிபி, அல்லது பயன்படுத்திய ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். முந்தைய மாதமே மைனிங்கின்போது கார்டின் நினைவகத்தில் ஏற்ற வேண்டிய எத்தீரியத்தின் டாக் (DAG) கோப்பு 4 ஜிபியைத் தாண்டிவிட்டதால், 4 ஜிபி கார்டுகள் கணக்கிலேயே வரவில்லை. நான் 1660 சூப்பரை எடுத்தேன். நண்பர் ஒருவர் அதே வாரத்தில் நான்கு ஆர்எக்ஸ் 580 வாங்கினார்.

வேகத்தில் பெரிய வேறுபாடு இல்லை. பயாஸைத் (கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) திருத்திய பிறகு ஆர்எக்ஸ் 580 ஏறத்தாழ 30 மெகாஹாஷ் (நொடிக்குப் பத்து லட்சம் கணக்கீடுகள் ஒரு மெகாஹாஷ்) தந்தது. 1660 சூப்பர், பயாஸைத் தொடாமலே, மெமரி வேகத்தைக் கூட்டி மின் வரம்பைக் குறைத்தபோது 31 தந்தது. நினைவகம் ஆர்எக்ஸில் 2 ஜிபி அதிகம், விலையும் கார்டுக்கு 2,500 ரூபாய் குறைவு. எனவே நான் 10,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன்.

அந்தப் பணத்தை மீட்டுத் தந்தது மின்கட்டணம்தான். சுவர் பிளக்கில் ஒரே அளவியைச் செருகி இரு ரிக்குகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம்: என்னுடையது 380 வாட்டை ஒட்டியும், நண்பருடையது 540 வாட்டை ஒட்டியும் நின்றன. இந்த 160 வாட் வித்தியாசம் இரவு பகலாக ஓடும்போது, இரண்டு மாத பில்லில் 230 யூனிட்டாகிவிடுகிறது. வீட்டுச் செலவே 400 யூனிட் இருக்கும் நிலையில், ரிக்கின் மின்சாரம் பெரும்பாலும் 500 யூனிட்டுக்கு மேற்பட்ட அடுக்கில்தான் விழும் என்பதை ரிக் கட்டுவோர் பலர் கவனிப்பதில்லை. சராசரிக் கட்டணத்தை வைத்துக் கணக்கிட்டு ஏமாந்துவிடுகிறார்கள். அன்று அந்த அடுக்கில் யூனிட் 6 ரூபாய் 60 காசு என்பதால், பில்லுக்கு 1,520 ரூபாய் மிச்சமானது. ஏழாவது பில்லில் என் 10,000 ரூபாய் திரும்பிவிட்டது. 2022 செப்டம்பரில் கட்டணம் உயர்ந்து, 800 யூனிட்டுக்கு மேல் 10 ரூபாயும் 1,000 யூனிட்டுக்கு மேல் 11 ரூபாயும் ஆனபோது, அதே 230 யூனிட்டின் விலை ஏறத்தாழ 2,480 ரூபாய்.

குறைந்த வாட்டின் பயன் பில்லோடு முடிவதில்லை. எனக்கு 550 வாட் பவர் சப்ளை போதுமாக இருந்தது. நண்பருக்கு 750 வாட் தேவைப்பட்டது. சித்திரை வெயிலில் மாடி அறைக்குள் 160 வாட் கூடுதல் வெப்பம் என்பது, ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனையும் சேர்த்து மாட்ட வேண்டிய அளவுக்குத் தொல்லை. எந்தக் கார்டானாலும் ரைசருக்கு (கார்டை மதர்போர்டிலிருந்து தள்ளி வைத்து இணைக்கும் துணைப் பலகை) ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா இணைப்பிலிருந்து மின்சாரம் கொடுக்காதீர்கள்: அந்த இணைப்பு 54 வாட்டுக்கு உரியது, கார்டோ ஸ்லாட் வழியாக 75 வாட் வரை இழுக்கக்கூடியது. நண்பரின் ரிக்கில் அப்படி ஒரு கனெக்டர் பழுப்பேறி உருகத் தொடங்கியதை நேரில் பார்த்தேன்.

ஆயுளில் எது மேல் என்று இருபது மாத அனுபவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். என் கார்டு ஒன்றின் விசிறி மட்டும் சத்தம் போட்டதால் மாற்றினேன். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் மைனிங்கைக் கைவிட்டதும் இருவரும் கார்டுகளை விற்றோம். என்னுடையவற்றை கேம் ஆடுவோர் அப்படியே சோதித்து வாங்கிச் சென்றார்கள். நண்பர் நான்கிலும் பழைய பயாஸைத் திரும்ப ஏற்றிய பிறகே விற்க முடிந்தது.