நெடுந்தீவுக் குதிரை வெளிக்கு எந்தப் படகு, எந்தப் பாதை?

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் கிடக்கும் நெடுந்தீவுக்கு, அதன் வெளியில் மேயும் மட்டக்குதிரைகளைப் பார்க்கப் போக நினைப்போர் முதலில் விசாரிப்பது எந்தப் படகு கெதியாய்ப் போகும் என்பதைத்தான். கடைசிப் படகு தீவிலிருந்து எத்தனை மணிக்கு வெளிக்கிடும் என்பதை அதற்கு முன் கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகப் படகுத்துறையான குறிகட்டுவானுக்கு 776 பஸ்ஸில் ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆகும். பிறகு கடலில் ஏறத்தாழ ஒரு மணிநேரம். காலையில் போய்ப் பிற்பகலில் திரும்புவதென்றால் தீவில் நிற்கக் கிடைப்பது நாலைந்து மணிநேரந்தான். கீழே சொல்லும் எல்லாத் தெரிவுகளும் இந்த நேரத்துக்குள் அடங்க வேண்டும்.

முதலில் படகு. குமுதினி, வடதாரகை போன்ற பயணிகள் படகுகளுக்கும், வாடகைக்குப் பிடிக்கும் பைபர் படகுக்கும் இடையில்தான் போட்டி. குமுதினி மரப்படகு, உள்ளே இறங்கி இருக்க வேண்டும். எஞ்சின் சூடும் டீசல் மணமும் சிலருக்கு வயிற்றைப் பிரட்டும். அப்படியானவர்கள் வாந்தியைத் தடுக்கும் குளிசையை ஏறுவதற்கு அரை மணிநேரம் முன்பே போட்டுக்கொண்டு, ஆட்டம் குறைந்த நடுப்பகுதியில் இருப்பது நல்லது. கனம் கூடிய படகு என்பதால் அலையை வெட்டிக்கொண்டு போகும், நனைவதும் குறைவு. ஆனால் ஊர்ச்சனமும் சாமான்களும் ஏறிய பிறகுதான் உல்லாசப் பயணிக்கு இடம். அது நியாயமும் கூட. அந்தப் படகுதான் அவர்களுடைய தெரு.

பைபர் படகு நினைத்த நேரத்துக்குப் போகும், அமைதியான கடலில் விரைவாகவும் போய்விடும். ஆனால் இந்தக் கடல் ஆழம் குறைந்தது. ஆழம் குறைந்தால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்தும் எழும். இலேசான படகு ஒவ்வொன்றிலும் ஏறி விழும். அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், இருப்பவரின் முதுகுதான் அந்த அடியை வாங்கும். எஞ்சின் பக்கமாக இருங்கள். போக்குவரத்து இரண்டுக்கும் காத்திருப்புக்கும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசி முடித்துவிட்டு ஏறுங்கள். ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏற வேண்டாம்.

காற்றைப் பாராமல் படகைத் தெரிவு செய்ய முடியாது. தீவு குறிகட்டுவானுக்குத் தென்மேற்கே கிடக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று. மார்கழி, தைமாத வாடையில், அதாவது வடகிழக்குக் காற்றில், இது தலைகீழ்: போகும் பயணம் சுகமாக இருக்கும், களைத்துத் திரும்பும்போது உப்புநீர் முகத்தில் அடிக்கும். சோளக நாட்களில் பெரிய படகைத் தவிர வேறெதையும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பைபர் படகுக்கு ஏற்றது மாசி கடைசியிலிருந்து சித்திரை வரை, இரண்டு காற்றுக்கும் இடைப்பட்ட காலம். காற்றுக் கடுமையானால் சேவை நிற்கும். முதல் நாளே துறையில் விசாரியுங்கள்.

தீவின் இறங்குதுறையான மாவிலித்துறையில் இறங்கிய பிறகு அடுத்த கேள்வி: ஓட்டோவா, சைக்கிளா, நடையா?

ஓட்டோவில் ஒல்லாந்தர் கோட்டை, பழைய புறாக்கூடு, பெருக்கமரம் (பாவோபாப்) எல்லாவற்றையும் அரைநாளில் சுற்றிவிடலாம். ஆனால் தெருவுக்கு எட்டியதை மட்டுமே காட்டும். எஞ்சின் சத்தத்துக்கு மட்டக்குதிரைகள் விலகிப் போய்விடும்.

நடையில் தெற்கே, குதிரை வெளிப்பக்கம் நிற்கும் பழைய குயிந்தா கோபுரத்துக்கு ஏழெட்டு கிலோமீற்றர். போக இரண்டு மணி, வர இரண்டு மணி; அதோடு உங்கள் நேரம் சரி. குதிரை வெளியில் நிழல் கிடையாது. நிலம் பவளச் சுண்ணக்கல்; வெயிலைக் கீழிருந்தும் திருப்பி அடிக்கும். செருப்பு உதவாது, தடித்த அடியுள்ள சப்பாத்து வேண்டும். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் கொண்டு போங்கள். கண்ட கிணற்றில் குடிக்கலாம் என்று நம்ப வேண்டாம்: மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் உப்புநீரின் மேல் மெல்லிய படையாகத்தான் மிதக்கிறது, கோடையில் அது வற்றினால் கிணறு உவர்த்துவிடும். சாறாப்பிட்டியின் நன்னீர்க் கிணறுகளுக்குப் பெயர் வந்ததே அதனால்தான்.

எங்கள் ஓட்டு சைக்கிளுக்கு. பயணிகள் படகில் ஏற்ற இடம் கிடைக்குமா என்று முதலே கேட்டுவையுங்கள். நடைக்கு இரண்டு மணிநேரம் பிடிக்கும் தூரம் முக்கால் மணிநேரத்தில் முடியும். தெரு முடியும் இடத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டு வெளிக்குள் நடக்கலாம். கெடுப்பது கல் விளிம்பும் நெருஞ்சி முள்ளும். ரயருக்குக் காற்றைச் சற்றுக் குறைவாக விடுவது வழமையான பிழை; குறைந்த காற்றில் ரியூப் கல்லுக்கும் றிம்முக்கும் இடையில் நசிந்து இரட்டை வெடிப்பு விழும். நன்றாக அடித்துவிடுங்கள். ஒட்டுத்துண்டு, சொலூசன், கைப்பம்பு, மாற்று ரியூப் ஒன்று போதும்.

குதிரைகளைக் காண ஆடி, ஆவணிதான் தோது, கடல்தான் ஒத்துவராது. வறட்சியில் அவை மிஞ்சிய நீர்நிலைகளைச் சுற்றிக் கூடும். மாரியில் புல் எங்கும் இருப்பதால் சிதறிவிடும், வெளியும் வெள்ளமாக நிற்கும். தீவின் ஒரு பகுதி 2015 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கிட்டப் போய்த் துரத்துவதும் தீனி கொடுப்பதும் வேண்டாம். பின்பக்கமாகப் போனால் உதை நிச்சயம்.

மதிய வெயிலில் குதிரைகள் ஒதுங்கி நிற்கும், காலையும் மாலையும்தான் மேயும். பகற்படகுக்காரருக்கு அந்த இரண்டு வேளையுமே தப்பிவிடும். அதைப் பார்த்தே தீர வேண்டுமென்றால் ஓர் இரவு தங்குங்கள். தங்குமிடங்கள் சிலவே, சாப்பாட்டை முதல் நாளே சொல்லி வைக்காவிட்டால் சமைத்திருக்க மாட்டார்கள்.