9,200 வெள்ளி போச்சு: பனிமலை பேக்கேஜ் எடுக்குறவங்க படிச்சிட்டுப் போங்க

இன்னிக்குக் காலையில மலையேற்ற ஏஜெண்டோட குரூப்ல இருந்து என்னைத் தூக்கிட்டாங்க. அதான் எழுதுறேன். நானும் தம்பியும் ஆளுக்கு 4,600, மொத்தம் 9,200 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கட்டினோம். அதுல பாதி தம்பி செம்பனை மில்லுல ஓவர்டைம் பார்த்துச் சேர்த்தது.

பேர் போட மாட்டேன். சமூக ஊடகத்துல பக்கம் வச்சு மலையேற ஆள் சேர்க்கிற ஏஜெண்ட், அவ்வளவுதான். நேபாள்ல அன்னபூர்ணா பேஸ் கேம்ப், 4,130 மீட்டர், ஏப்ரல் மாசம். கைடு, பனிச்சரிவுப் பாதுகாப்புச் சாமான் எல்லாம் சேர்த்துன்னு விளம்பரம்.

சுங்கை சிப்புட்டுக்கு நேர்லயே வந்தார். ஒட்டுக்கடையில தே தாரிக் குடிச்சுக்கிட்டே போன்ல படம் காட்டினார்: புதைஞ்சவங்களைத் தேடுற டிரான்ஸீவர், குத்திப் பார்க்கிற நீளக் கம்பி, மடக்கு மண்வாரி. ஏப்ரல்ல சரிவு பயம் இருக்கான்னு கேட்டேன். "வெயில் வந்துடும்ணே, பனியெல்லாம் கரைஞ்சு பாதை சுத்தமா இருக்கும்." அப்புறம் சொன்னார், "நானும் தோட்டத்துப் பிள்ளைதாண்ணே, எங்க பாட்டி ரப்பர் பால் வெட்டினவங்க." எங்கம்மாவும் பால் வெட்டினவங்கதான். வேற என்ன கேட்கத் தோணும்? உட்கார்ந்த இடத்துலயே 9,200 வெள்ளி, அவரோட சொந்தக் கணக்குக்கு.

வெயில்தான் அங்க எமன். ஹிமாலயாங்கிற இடத்துல தங்கியிருந்தப்ப லாட்ஜ் அக்கா சொல்லித்தான் தெரிஞ்சது. கரையுற தண்ணி பனி அடுக்குக்குள்ள இறங்கி பிடிப்பை விட வச்சிடும். ராத்திரி நல்லா உறைஞ்சா விடியக்காலையில ஓரளவு நிக்கும், உச்சி வெயில்ல கழண்டு வரும். மேகம் மூடின ராத்திரின்னா சரியா உறையவும் உறையாது. பத்தாங் காலி மண்சரிவுல 2022 டிசம்பர்ல 31 பேரைப் பறிகொடுத்த நாட்டுக்காரன் நான், ஊறின சரிவைப் பத்தி எனக்கே உறைக்கல பாருங்க.

நாங்க போறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் புதுப்பனி. கைடுன்னு வந்த பையன் சுமை தூக்க வந்தவன், பாவம், அவனைச் சொல்லிக் குத்தமில்ல. பன்னெண்டு மணிக்குக் கிளம்பலாம்னான். ஹிங்கு குகை தாண்டி தேவுராலி வரைக்கும் தலைக்கு மேல ஹியுன்சுலி மலைச்சரிவு. பாதையில நின்னா அது கண்ணுக்கே தெரியாது. 2020 ஜனவரியில ஏழு பேர் புதைஞ்சது அந்தப் பக்கம்தான்.

சாமான் பையைத் திறக்கச் சொன்னேன். எங்க குழுவுல ஆறு பேருக்கு ஒரே ஒரு டிரான்ஸீவர், பேட்டரி ஒழுகிப் பச்சை பூத்திருந்தது. கம்பி இல்ல, மண்வாரி இல்ல. புதைஞ்சவன்கிட்டயும் ஒன்னு இருக்கணும், தேடுறவன்கிட்டயும் ஒன்னு இருக்கணும்யா! பத்து பதினஞ்சு நிமிஷத்துல தோண்டி எடுக்கலன்னா பிழைக்கிறது கஷ்டம். எதை வச்சுத் தோண்டுறது, சாப்பாட்டுத் தட்டை வச்சா?

திரும்பிட்டோம்.

வந்து பத்து நாளா ஏஜெண்ட்கிட்ட காசைத் திருப்பிக் கேட்கிறேன், சாக்குதான் வருது. முதல்ல "நேபாள் பார்ட்னர்கிட்ட கேட்கிறேண்ணே." அப்புறம் "அக்கவுண்ட் பார்க்கிற பிள்ளை லீவு." அப்புறம் வாய்ஸ் மெசேஜ்: "நீங்களாத்தானே திரும்பினீங்க, மலை அங்கேயேதானே இருக்கு." 9,200 வெள்ளியை வாங்கிக்கிட்டு எனக்கு மலை இருக்குன்னு சொல்றார். கடைசியா, அடுத்த ட்ரிப்புக்கு 300 வெள்ளி கழிவாம்.

என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுதத்தான் நினைச்சேன், கை நடுங்குது. சுற்றுலா அமைச்சு லைசென்ஸ் நம்பர் கேளுங்க. தனியாள் கணக்குக்குக் காசு போடாதீங்க. சரிவுப் பகுதியை எத்தனை மணிக்குக் கடப்பீங்கன்னு கேளுங்க, மத்தியானம்னா வேண்டாம். டிரான்ஸீவர் ஆளுக்கு ஒன்னு, கிளம்புறதுக்கு முன்னாடி போட்டுப் பாருங்க.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்துல மனு போட 5 வெள்ளிதானாம். தம்பிக்கு ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடியுது, வந்ததும் போறோம். அந்த வாய்ஸ் மெசேஜை அழிக்காம வச்சிருக்கேன்.