டிசைன் வேலையா, வலைப்பதிவா: வன்னியில் இருந்து பார்க்கும் கணக்கு

இலங்கையின் வன்னியில், கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் டிசைன் பழகிய இளையவர்கள் பலருக்கு இப்போது ஒரே யோசனை. யாரோ ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக இரவிரவாக லோகோ வரைவதை விட்டுவிட்டு, சொந்தமாக ஒரு வலைப்பதிவு தொடங்கி அதன் வருமானத்தில் வாழலாமா என்பதுதான் அது. வாழலாம் என்று உறுதி கூறும் காணொளிகள் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் அவற்றில் பேசுபவர்களின் சந்தை வேறு, வாசகர்கள் வேறு, வங்கி வழிகளும் வேறு. எங்கள் ஊரில் இருந்து பார்த்தால் இரண்டு தொழில்களும் எப்படித் தெரிகின்றன என்பதை எழுதுகிறேன். விளம்பரப் பணத்தை மட்டும் நம்பி டிசைனைக் கைவிடுவதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் வலைப்பதிவுக்கு எங்களிடம் இருக்கும் மூலதனம் பலர் நினைப்பதைவிடப் பெரியது.

பணம் எப்போது கைக்கு வரும்?

டிசைன் வேலையின் பெரிய பலம் வேகம். இணையவழியில் சிறு வேலைகளை விற்கும் பைவர் (Fiverr) தளத்தில் 5 டொலர் வேலை ஒன்றை முடித்தால் 1 டொலர் தளத்துக்குப் போகும், 4 டொலர் உங்களுக்கு. வேலை முடிந்த பின் வழக்கமாக 14 நாட்கள் அந்தப் பணத்தைத் தளம் பிடித்து வைத்திருக்கும். பிறகு பேயோனியர் (Payoneer) என்ற பணப்பரிமாற்றச் சேவை வழியாக உள்ளூர் வங்கிக்கு எடுக்கலாம். இலங்கையில் பேபால் நீண்ட காலமாகப் பணம் அனுப்புவதற்கே பயன்பட்டது. அதனால்தான் எம்மவர்கள் பேயோனியரைப் பிடித்துக்கொண்டார்கள். பைவர் போன்ற இன்னொரு வேலைத் தளமான அப்வேர்க் (Upwork) 2023இல் தன் பங்கை 10 வீதமாக்கியது; 2025இல் வேலைக்கு ஏற்ப அதிகபட்சம் 15 வீதம் வரை மாறும் முறைக்குப் போனது. இந்த வெட்டுகளைக் கொள்ளை என்று சிலர் திட்டுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பரந்தனில் இருக்கும் ஒருவரை மெல்பேர்ண் கடைக்காரர் ஒருவர் முகம் பார்க்காமல் நம்ப வேண்டுமானால், நடுவில் பொறுப்பு நிற்க ஒருவர் வேண்டும். அந்தப் பொறுப்புக்குத்தான் இந்த விலை.

வலைப்பதிவில் பணம் மிக மெதுவாக வரும். வலைப்பதிவில் விளம்பரம் போட்டு அதில் பங்கு தரும் கூகுளின் அட்சென்ஸ் (AdSense) சேவை தமிழுக்கு வந்ததே 2018 பெப்ரவரியில்தான். கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிப்படுத்த ஓர் இரகசிய இலக்கத்தைச் சாதாரண தபாலில் அனுப்புவார்கள். அது வந்துசேர இரண்டு முதல் நான்கு கிழமைகள் ஆகலாம். நான்கு மாதங்களுக்குள் அந்த இலக்கத்தைப் பதியாவிட்டால் விளம்பரம் நிறுத்தப்படும். வீட்டிலக்கமே இல்லாத எங்கள் கிராமங்களில் இது சிறிய விடயம் அல்ல. முகவரியில் உப தபாலகத்தின் பெயரைத் தெளிவாக எழுதுங்கள். தபால்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இதற்குப் பிறகும் 100 டொலர் நிரம்பினால்தான் முதல் கொடுப்பனவு. அதுவும் அடுத்த மாதம் 21ஆம் திகதிக்கும் 26ஆம் திகதிக்கும் இடையில்தான் வெளியே வரும். புதிய தமிழ் வலைப்பதிவு ஒன்று அந்த நூறைத் தொட ஒரு வருடம் எடுத்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். வீட்டு அரிசிக்கும் பிள்ளையின் ரியூசன் காசுக்கும் இந்த மாதப் பணமே வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு வேறு ஒப்பீடே தேவையில்லை. அவர் டிசைனில்தான் நிற்க வேண்டும்.

வாசகர் எங்கே இருக்கிறார்?

வலைப்பதிவு பற்றிய பேச்சுகளில் அதிகம் தவறவிடப்படுவது இதுதான். விளம்பரதாரர் கொடுப்பதில் சுமார் 68 வீதம் எழுதுபவருக்கு என்பது கூகுளின் கணக்கு. ஆனால் விளம்பரதாரர் எவ்வளவு கொடுப்பார் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வாசகர் இருக்கும் நாடு. அதே கட்டுரையை மாங்குளத்தில் ஒருவர் வாசித்தால் வரும் பணமும் ரொறன்ரோவில் ஒருவர் வாசித்தால் வரும் பணமும் ஒன்றல்ல. கனடாவிலும் பிரித்தானியாவிலும் சுவிற்சர்லாந்திலும் ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க நிறுவனங்கள் கூடுதலாகச் செலவழிக்கின்றன. அதனால் அங்கே விளம்பர விலை உயர்வு.

அப்படியானால் புலம்பெயர்ந்த தமிழர் எதைத் தேடுவார்கள்? சினிமாச் செய்திக்கு அவர்களுக்கு ஆயிரம் இடங்கள் உண்டு. அரசாங்க வேலை அறிவித்தல்களைப் பிரதி பண்ணிப் போடும் தளங்களுக்கு வாசகர் வருவார்கள், ஆனால் அநேகமாக உள்நாட்டில் இருந்தே வருவார்கள். தவிர, பத்திரிகைச் செய்தியை அப்படியே எடுத்துப் போட்டால் அட்சென்ஸ் விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம். வன்னியில் இருப்பவருக்கு மட்டும் இலகுவாகத் தெரிந்த, வெளியே இருப்பவருக்கு உண்மையாகத் தேவைப்படும் விடயங்கள் வேறு. காணியை எடுத்துக்கொள்ளுங்கள். வன்னிக் குடியேற்றத் திட்டங்களில் பெருமளவு காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் (பெர்மிற்) கொடுக்கப்பட்டவை. தாத்தாவின் பெயரில் இருக்கும் பெர்மிற் யாருக்குப் போகும், பின்னுரித்தாளர் (அவருக்குப் பின் காணியைப் பெறுபவர்) நியமிக்கப்படாமல் அவர் இறந்திருந்தால் என்ன செய்வது, அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) எழுதி அனுப்பினால் போதுமா என்ற கேள்விகளோடு கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பேத்தி இரவு விழித்திருக்கிறாள். பிரதேச செயலகத்துக்கு நேரில் போய், நடைமுறையைக் கேட்டு, ஒரு சட்டத்தரணியிடம் சரிபார்த்து நீங்கள் நல்ல தமிழில் எழுதினால், அந்தப் பக்கத்துக்குப் போட்டி மிகக் குறைவு. பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களின் பிரதி எடுப்பதும் அப்படியே. யாழ்தேவி ரயிலில் கிளிநொச்சி வந்து வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போவது எப்படி, இரணைமடுக் குளமும் நாயாறும் பார்க்க எந்த மாதம் நல்லது என்பவையும் அவர்களுக்குத் தேவையானவையே. கச்சானும் உழுந்தும் பயிரிடுவதையும், 2018இல் நாட்டுக்குள் வந்த படைப்புழுவைச் சோளத்தில் எப்படி அடையாளம் காண்பது என்பதையும் நிச்சயம் எழுத வேண்டும். ஆனால் அதற்கு வாசகர் இங்கேயே இருப்பார், பணம் குறைவாக வரும் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2009 பற்றி, முள்ளிவாய்க்கால் பற்றி, காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றி எங்கள் கையால் எழுதப்பட வேண்டியவை இன்னும் ஏராளம். அவற்றை எழுதுங்கள். ஆனால் அவற்றை வருமானக் கணக்கில் சேர்க்காதீர்கள். காயங்களையும் உடல்களையும் காட்டும் பக்கங்களில் விளம்பரம் கட்டுப்படுத்தப்படும். அந்த எழுத்தைச் சம்பாத்தியத்தின் விதிகளுக்கு ஏற்ப வளைப்பதைவிட விளம்பரமே இல்லாத தனி இடத்தில் வைப்பது மேல்.

உடம்பும் மின்சாரமும்

நியூயோர்க்கில் காலை 9 மணி என்றால் இங்கே மாலை 6.30 அல்லது 7.30. அந்த ஊர் வாடிக்கையாளரை வைத்திருப்பவரின் இரவு அவருக்குச் சொந்தமில்லை. திருத்தம், திருத்தத்துக்கும் திருத்தம் என்று விடிந்துவிடும். கார்த்திகை மழையில் மின்சாரம் போனால் பெரிய கோப்பை ஏற்ற முடியாது. தாமதமானால் மதிப்பீட்டுப் புள்ளி சரியும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். வலைப்பதிவின் பக்கங்களை வைத்திருக்கும் கணினி (வழங்கி) வேறு நாட்டில் இயங்குகிறது. உங்கள் வீடு இருட்டாக இருந்தாலும் நேற்று எழுதிய பக்கத்தை ஒருவர் வாசித்துக்கொண்டுதான் இருப்பார். கைத்தொலைபேசியிலேயே வரைவை எழுதிவிடலாம். பிள்ளைகளையும் முதியவரையும் தனியாகப் பார்க்கும் பெண்கள் பலர் இருக்கும் எங்கள் பகுதியில் இந்த நெகிழ்வின் மதிப்பு மிகப் பெரியது.

மார்கழியும் தையும்

உள்ளூர் டிசைன் வேலை நாட்காட்டியோடு ஓடுகிறது. தையில் கல்யாண அழைப்பிதழ், கோயில் திருவிழாக் காலத்தில் நோட்டீசும் பதாகையும், எப்போதும் பூப்புனித நீராட்டு விழா அட்டையும் அந்தியேட்டிக் கல்வெட்டும் (இறந்தவரின் நினைவாக அச்சிடும் சிறு நூல்). மார்கழியிலும் ஆடியிலும் கல்யாண வேலை படுத்துவிடும். விளம்பரச் சந்தையோ கிறிஸ்மஸ் விற்பனைக்காக டிசம்பரில் உச்சத்துக்கு ஏறி, ஜனவரியில் சட்டென்று இறங்கும். ஒன்று வறளும்போது மற்றது ஊறுகிறது. இரண்டையும் கையில் வைத்திருப்பவருக்கு இது பெரிய அனுகூலம். இதற்காகவே ஒன்றை முற்றாக விடுவதை நான் ஏற்கவில்லை.

அச்சகத்தில் இருந்து வலைப்பதிவுக்கு வருபவர்களுக்கு ஒரு குறிப்பு: பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட எழுத்தைத் தேடுபொறி தமிழாக வாசிக்காது. யுனிகோடில் நேரடியாக எழுதப் பழகிவிடுங்கள். பழைய கோப்புகளை மாற்றினால் ஒவ்வொரு வரியையும் சரிபாருங்கள்.

செயற்கை நுண்ணறிவு இரண்டு பக்கமும் கடிக்கிறது. மலிவான லோகோ வேலையைக் கன்வா (Canva) என்ற வடிவமைப்புச் செயலியும் படம் உருவாக்கும் கருவிகளும் தின்கின்றன. தேடல் பக்கத்தின் தலையிலேயே விடை வந்துவிடுவதால், பொதுவான தகவல் எழுதுபவர்களின் வாசகர்கள் குறைகிறார்கள். நேரில் போய் அறிந்து எழுதியதும், கோயில் முறையும் குடும்ப முறையும் தெரிந்து வடிவமைத்த கல்வெட்டும் இப்போதைக்குத் தப்பி நிற்கின்றன.

வரி இரண்டுக்கும் உண்டு. 2025 ஏப்ரலில் இருந்து வருட வருமானத்தில் முதல் 18 இலட்சம் ரூபாய்க்கு வரி இல்லை. அதற்கு மேல், வெளிநாட்டுக்குச் சேவை செய்து வங்கி வழியாகப் பெறும் பணத்துக்கு அதிகபட்சம் 15 வீதம். வங்கிச் சீட்டுகளை வருட வாரியாக அடுக்கி வையுங்கள்.

இப்போதே மாறத் துடிப்பவருக்கு நான் சொல்லும் வழி இது. சரியாகப் பணம் தரும் இரண்டு மூன்று வாடிக்கையாளரை வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து டொலர் வேலைகளை விடுங்கள். அப்படி மிஞ்சும் நேரத்தில் ஒரே துறையில், கிழமைக்கு ஒரு கட்டுரை எழுதுங்கள். விளம்பரத்தை முதல் வருமானமாக வைக்காதீர்கள். அந்தக் கட்டுரைகளின் அடியில் உங்கள் சொந்தப் பொருளை வையுங்கள்: பெயரை மட்டும் மாற்றிப் பயன்படுத்தக்கூடிய தமிழ் அழைப்பிதழ் வார்ப்புருக்கள், கல்வெட்டு வடிவமைப்பு, குடும்ப மரம். லண்டனில் இருந்து காணிக் கேள்விக்கு விடை தேடி வந்தவர் அம்மாவின் முப்பத்தோராம் நாள் கல்வெட்டுக்கு உங்களிடம் வந்தால், நூறு டொலர் நிரம்பும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. விளம்பரப் பணம் உங்கள் வீட்டுச் செலவை ஆறு மாதங்கள் தொடர்ந்து, ஜனவரியும் உட்பட, தாங்கிய பிறகு கடைசி வாடிக்கையாளரை விடுவது பற்றிப் பேசலாம்.