கடல் தாண்டிய திராட்சைக்கொடி: துருவேன் வழியா, டோரஸ் வழியா?

1979-இல் 'கோ-மியோ' என்ற பிரெஞ்சு உணவு இதழ் பாரிஸில் ஒரு 'ஒயின் ஒலிம்பிக்ஸ்' நடத்தியது. புட்டியின் பெயரை மறைத்து ஊற்றிக்கொடுத்து, ருசி பார்த்து மதிப்பெண் போட்டார்கள். கபர்னே என்ற திராட்சை வகையின் பிரிவில் ஸ்பெயினின் டோரஸ் குடும்பம் செய்த 1970 கிரான் கொரோனாஸ், பிரான்சின் ஷாட்டோ லத்தூரைப் பின்னுக்குத் தள்ளி முதலிடம் பிடித்தது. பினோ நுவார் என்ற திராட்சை வகையின் பிரிவில் அமெரிக்காவின் ஓரெகன் மாநிலத்து ஐரி தோட்ட ஒயின் முதல் பத்துக்குள் வந்தது. அதைச் செய்தவர் டேவிட் லெட். பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தில் 1880 முதல் ஒயின் தொழிலில் இருக்கும் துருவேன் குடும்பத்தின் ரொபேர் துருவேன் இதை அப்படியே விட்டுவிடவில்லை. மறுவருடமே தன் ஊரான போன் நகரில் மறுபோட்டி வைத்தார். அவருடைய 1959 ஷாம்போல்-மூசின்யி முதலிடம், ஐரி மயிரிழையில் இரண்டாமிடம்.

இந்த இரண்டு குடும்பங்களும் கடல் கடந்து வேறு கண்டத்தில் தோட்டம் போட்டன. டோரஸ் அதே 1979-இல் சிலியின் குரிகோவுக்குப் போனார்கள். துருவேன் 1987-இல் ஓரெகனின் டண்டீ ஹில்ஸில் நிலம் வாங்கினார்கள். ஒரு குடும்பம் இன்னொரு கண்டத்தில் கால் ஊன்ற வேண்டுமென்றால் எந்த வழி நல்லது என்று கேட்டால், இந்த இரண்டையும்தான் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் நிலம். பர்கண்டியில் பாகப்பிரிவினை தலைமுறை தலைமுறையாக நிலத்தைக் கூறு போட்டிருக்கிறது. குளோ த வூஜோ என்ற புகழ்பெற்ற தோட்டம் சுமார் 50 ஹெக்டேர்தான். அதற்கு எண்பது பேர் அளவில் உரிமையாளர்கள். இந்த வரிசை ஒருவருடையது, அடுத்த வரிசை பங்காளியுடையது. துருவேன் குடும்பத்துக்கும் போன் சுற்றுவட்டாரத்தில் நிலம் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. ஓரெகனில் ஒரே மலைச்சரிவு முழுக்க அவர்களுடையதானது. பர்கண்டிக்காரருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, வரப்புச் சண்டை பார்த்து வளர்ந்த நமக்குச் சட்டென்று புரியும்.

ஆனால் அவர்கள் பயிரை மாற்றவில்லை. பினோ நுவார்தான். பர்கண்டியைப் போலவே கொடிகளை நெருக்கி நட்டார்கள், அதுவும் பூச்சியைத் தாங்கும் வேறு வேரில் ஒட்டுக்கட்டி. வேரைத் தின்னும் பைலோக்சரா பூச்சி ஓரெகனில் கண்டுபிடிக்கப்பட்டது 1990-இல். சொந்த வேரில் நட்டிருந்த அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் கவலையில் ஆழ்ந்தபோது இவர்களுக்கு அந்தப் பயம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தப் பூச்சியிடம் பிரான்ஸ் பட்ட பாடு அவர்கள் குடும்ப நினைவில் இருந்தது, அவ்வளவுதான். மண் மட்டும் முற்றிலும் வேறு: போனில் சுண்ணாம்பு கலந்த களிமண், டண்டீயில் எரிமலைப் பாறை உதிர்ந்த செம்மண்.

சிலிக்கு அந்தப் பூச்சி போகவே இல்லை. அங்கே கொடியை ஒட்டுக்கட்டாமல் அப்படியே நடலாம். டோரஸ் அங்கே கொண்டுபோனது வேறொன்று, தொழில்நுட்பம். உள்ளூர் ராவுலி மரத்தொட்டிகளில் ஒயின் ஊறிக்கொண்டிருந்த நாட்டில், வெப்பத்தைக் கட்டுக்குள் வைக்கும் எவர்சில்வர் தொட்டிகளையும் பிரெஞ்சு ஓக் பீப்பாய்களையும் இறக்கினார்கள். சிலி ஒயின் தொழிலின் போக்கையே மாற்றியது இது. ராணுவ ஆட்சி நடந்த நாட்டில் முதலீடு செய்யத் துணிந்ததும் சாதாரணமில்லை. பிற்காலத்தில், யாரும் மதிக்காத பாயிஸ் என்ற பழைய திராட்சையைச் சிறு விவசாயிகளிடம் வாங்கி 'எஸ்டெலாடோ' என்ற நுரைக்கும் ஒயின் செய்தார்கள். டோரஸ் செய்ததில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

பருவத்தைப் பார்த்தால் டோரஸ் பக்கம்தான் தட்டு சாய்கிறது. சிலியில் அறுவடை மார்ச், ஏப்ரல். ஸ்பெயினில் இலையுதிர் காலம். ஒரே குடும்பம் ஒரே வருடத்தில் இரண்டு அறுவடை பார்க்கலாம், இங்கே கற்றதை ஆறே மாதத்தில் அங்கே செய்து பார்க்கலாம். துருவேனுக்கு அந்த வசதி இல்லை. போன், டண்டீ இரண்டிலும் பழம் பழுப்பது செப்டம்பர், அக்டோபரில். ஒயின் செய்யும் மகள் வெரோனிக் இரண்டு கண்டங்களுக்கும் நடுவே பறந்துகொண்டிருக்க வேண்டும்.

சரி, அப்படியிருந்தும் என் ஓட்டு துருவேனுக்குத்தான். காரணம் அந்த வெரோனிக்தான். 1986-இல் அவர் ஓரெகனுக்குப் போய், டேவிட் லெட் உட்பட அங்குள்ளவர்களிடம் ஓர் அறுவடைக்காலம் வேலை கற்றுக்கொண்டார். அப்பாவை முந்த இருந்தவரிடமே மகள் கற்கப் போனாள்! அடுத்த வருடம் நிலம். 1988-இல் விலைக்கு வாங்கிய பழத்தில் முதல் ஒயின். சகோதரர் பிலிப் கொடிகளைப் பார்த்துக்கொள்ள, வெரோனிக் இன்றுவரை அந்த ஒயினைச் செய்கிறார். முதலில் ஆள் போனது, பின்னால்தான் பணம் போனது. அந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மூன்றாவதாக, பிரான்சின் போர்தோ வட்டார ஒயின் குடும்பமான ரோத்ஸ்சைல்டின் வழி ஒன்றும் உண்டு: உள்ளூர்ப் பெரிய கையோடு கூட்டு. கலிஃபோர்னியாவில் ராபர்ட் மொண்டாவியோடு ஓபஸ் ஒன், சிலியில் கோன்சா இ டோரோவோடு அல்மாவிவா. பெயரும் விலையும் சீக்கிரம் கிடைத்தன. ஆனால் 2004-இல் மொண்டாவி நிறுவனமே பெருநிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. உங்கள் பங்காளி யாரென்பதை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். குடும்பத்துக்காகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

ஆபத்து என்று வந்தால் எந்த வழியும் தப்பவில்லை. 2010 பிப்ரவரி 27 அன்று, அறுவடை நெருங்கும் வேளையில், 8.8 அளவு நிலநடுக்கம் குரிகோவை உலுக்கியது. 2020 செப்டம்பரில் ஓரெகன் காட்டுத்தீயின் புகை பழுத்த திராட்சைமேல் படிந்தது. மறுபக்கம், 2012, 2013 இரண்டு வருடமும் ஆலங்கட்டி மழை போன் பக்கத்துத் தோட்டங்களை அடித்து நொறுக்கியது. அந்த 2013-இல்தான் துருவேன் குடும்பம் ஓரெகனின் இயோலா-அமிட்டி குன்றுகளில் ரோஸ்ராக் தோட்டத்தை வாங்கியது.

அப்புறம் பெயர்கள். ஓரெகன் ஒயின்களுக்கு வெரோனிக் தன் பிள்ளைகளின் பெயரை வைத்திருக்கிறார்: லொரேன், லூயிஸ், ஆர்தர். டோரஸ் வீட்டு மகள் மரிமார், அண்ணன் சிலியில் வேலையைத் தொடங்கிச் சில வருடங்கள் கழித்து, கலிஃபோர்னியாவின் சொனோமாவில் தனக்கென்று ஒரு தோட்டம் போட்டார். அங்கே அவருடைய முதல் கொடிகள் 1986-இல் மண்ணில் இறங்கின. அந்தத் தோட்டத்துக்கு அப்பா பெயர், தோன் மிகேல். பின்னால் கடற்கரைப் பக்கம் போட்டதற்கு அம்மா பெயர், தோன்யா மார்கரிட்டா.