உயிர்வேலிக்கு ஹாலியா, லேலண்டியா?

இங்கிலாந்தில் நாங்கள் குடியேறிய வீட்டின் பின்தோட்டத்துப் பலகை வேலி ஒரு குளிர்காலப் புயலில் சாய்ந்தபோது, இனி அந்த இடத்தில் உயிர்வேலிதான் என்று முடிவு செய்தோம். கடைசிவரை போட்டியில் நின்றவை இரண்டு: இலை விளிம்பில் முள்ளுள்ள, இந்த மண்ணுக்கே உரிய ஹாலி மரம், கலப்பின ஊசியிலை மரமான லேலண்டி சைப்ரஸ். இரண்டும் ஆண்டு முழுவதும் பச்சை மாறாதவை. இரண்டும் காற்றையும் பிறர் பார்வையையும் தடுப்பவை. நாங்கள் ஹாலியை நட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

லேலண்டியின் பலம் வேகம். 1888-இல் வேல்ஸின் வெல்ஷ்பூல் அருகே ஒரு தோட்டத்தில் வட அமெரிக்க சைப்ரஸ் இனங்கள் இரண்டு தற்செயலாகக் கலந்து உருவான இம்மரம், ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வளரும். ஹாலியோ ஓராண்டில் 20 முதல் 40 சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். கன்றின் விலையும் கூடுதல். மூன்றே ஆண்டுகளில் மறைப்பு வேண்டும் என்பவருக்கு நான் ஹாலியைச் சொல்லமாட்டேன்.

ஆனால் வேலி என்பது நட்டு முடிக்கும் வேலையன்று, வெட்டிக்கொண்டே இருக்கும் வேலை. என் முடிவைத் தீர்மானித்தது அதுதான். லேலண்டியை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வெட்ட வேண்டும். ஓரிரு ஆண்டுகள் தவறவிட்டுப் பிறகு உள்ளே ஆழமாக வெட்டினால், பச்சை இலையற்ற பழங்கிளையிலிருந்து அது மீண்டும் துளிர்ப்பதில்லை. பழுப்புத் திட்டு அப்படியே நின்றுவிடும். எங்கள் தெருவிலேயே அப்படியொரு வேலியைத் தினமும் பார்க்கிறேன். ஹாலிக்கு ஆண்டுக்கு ஒருமுறை, கோடையின் இறுதியில், கத்தரி போட்டால் போதும். மூன்றாம் ஆண்டில் கட்டைவிரல் பருமனுள்ள ஒரு கிளையை நான் தவறுதலாக மொட்டையாக வெட்டிவிட்டேன். அடுத்த வசந்தத்தில் அதன் பட்டையைப் பிளந்துகொண்டு, முள் இன்னும் இறுகாத மெத்தென்ற தளிர்கள் வந்தன. உயரமான பசுமை வேலிகளால் அண்டை வீட்டார் படும் தொல்லைக்கு இங்கே தனிச் சட்டமே உண்டு: 2 மீட்டருக்கு மேற்பட்ட வேலியைப் பற்றி, 2005 முதல், உள்ளாட்சி மன்றத்தில் புகார் தரலாம். ஹாலிக்கும் அது பொருந்தும் என்றாலும், அந்த உயரத்தை எட்ட அது எடுத்துக்கொள்ளும் காலம் நமக்கு அவகாசம் தருகிறது. லண்டனை அடுத்த டெப்ட்ஃபோர்டில் 17-ஆம் நூற்றாண்டில் மரங்களைப் பற்றி நூல் எழுதிய ஜான் ஈவ்லின் வளர்த்த ஹாலி வேலி ஏறத்தாழ 400 அடி நீளமும் 9 அடி உயரமும் இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார்; பொறுமையாக வெட்டி வந்தால் ஹாலி எவ்வளவு அடர்ந்து நிற்கும் என்பதற்கு அது சான்று.

மற்ற பயன்களில் ஹாலி வெகுதூரம் முன்னே நிற்கிறது. குளிர்காலத்தில் அதன் செங்கனிகள் திரஷ் பறவைகளுக்கு உணவு. கனியுள்ள கிளைகள் கிறிஸ்துமஸ் வளையங்களுக்கு. வெண்மையான, இறுகிய கட்டை சதுரங்கக் காய்களுக்கும் மரச்சாமான்களில் பதிக்கும் அலங்கார வேலைக்கும் ஏற்றது. கனி வேண்டுமானால் பெண் மரமே வேண்டும், அருகில் ஆண் மரமும் இருக்க வேண்டும். ஹாலி வகைகளின் பெயரை நம்பி வாங்காதீர்கள்: 'சில்வர் குயின்' ஆண் மரம், 'கோல்டன் கிங்' பெண் மரம். முந்தைய ஆண்டுக் கிளையில்தான் பூ வரும் என்பதால், முழுவதும் வெட்டிய வேலியில் கனி குறைவு. அதற்காகவே கடைசி இரண்டு செடிகளைக் கத்தரிக்காமல் விட்டிருக்கிறோம். ஆறு ஆண்டுகளே ஆன அவற்றில் இதுவரை கைப்பிடி அளவுக்கு மேல் கனி பார்த்ததில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். கனிகளைத் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும் என்பதால் சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் கவனம் தேவை. உதிர்ந்த இலை காய்ந்த பிறகும் முள்ளின் கூர்மை போகாது. வேலியடியில் களையெடுக்கத் தோல் கையுறை இல்லாமல் நான் இறங்குவதில்லை.