முதலில் எந்த ஸ்பகெட்டி வெஸ்டர்ன் (இத்தாலியர்கள் எடுத்த கௌபாய் படம்)?

லியோனேயின் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' (1964) பார்ப்பதா, கொர்புச்சியின் 'ஜாங்கோ' (1966) பார்ப்பதா?

செலவு: இரண்டுமே சிக்கனம். லியோனே பயன்படுத்திய டெக்னிஸ்கோப் என்ற அகலத்திரை முறைக்குப் பாதி ஃபிலிமே போதும்.

களம்: டாலர்ஸில் ஸ்பெயின் வெயில், புழுதி. ஜாங்கோவில் எங்கும் சேறு. அதில் ஃபிராங்கோ நீரோ சவப்பெட்டியை இழுத்து வரும் தொடக்கம் ஒன்றே போதும், மற்ற ஓட்டைகளை மன்னித்துவிடலாம்.

குறை: இரண்டிலும் வாய் ஒன்று சொல்லும், குரல் வேறொன்று சொல்லும். டாலர்ஸ் கதை ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் 'யோஜிம்போ'வை ஒட்டியது, வழக்கு வரை போனது. ஜாங்கோவில் வன்முறை அதிகம். பிரிட்டனில் 1993 வரை சான்றிதழே இல்லை.

இசை: டாலர்ஸுக்கு இசையமைத்த மோரிக்கோனேயின் விசில். பேச்சே இல்லை, டாலர்ஸ்தான்.

புதியவர்களுக்கு டாலர்ஸ். ரத்தத்துக்கு அஞ்சாதவர்கள் நேரே ஜாங்கோ.