சேலத்துல டெஸ்க்டாப் சர்வீஸுக்கு குடுக்கறவங்க கொஞ்சம் உஷாரா இருங்க

ஏற்காட்டுல எங்க அக்கா நர்சரி வெச்சிருக்கு, பில்லு, ஸ்டாக்கு எல்லாமே ஒரு பழைய அசெம்பிள்டு டெஸ்க்டாப்லதான். பனி சீசன்ல காலைல பவர் பட்டனை அமுக்குனா ஃபேன் ஒரு சுத்து சுத்திட்டு நின்னுடும், மதர்போர்டுல இருக்கற சின்ன லைட் மட்டும் எரியும். வெயில் ஏறுனப்புறம் சில நாள் தானா ஆன் ஆயிடும். மாமா கேபினெட்டை கார்ல வெச்சு கீழ சேலத்துக்கு கொண்டாந்து, புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சர்வீஸ் கடைல குடுத்தாரு.

சாயங்காலமே போன். "சார் போர்டு போயிடுச்சு, மாத்தணும், 6,500 ஆகும்." எப்படிப் பாத்தீங்கன்னு கேட்டதுக்கு பதிலே இல்ல. சீசன் நேரம், பில்லு போட முடியாம அக்கா தவிச்சுட்டு இருந்துச்சு, சரி போடுங்கன்னுட்டாரு. பில்லும் தரல, ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தாங்க, பழைய போர்டு கேட்டா ஸ்க்ராப்ல போட்டாச்சுங்கறாங்க, மாமா நகராம நின்னதால உள்ள இருந்து எடுத்துட்டு வந்தாங்க.

மலைக்கு கொண்டு போனா ஒரு வாரம் கூட ஆகல, அதே காலை, அதே ஒரு சுத்து. அப்பதான் அம்மாபேட்டைல எனக்குத் தெரிஞ்ச அண்ணன்கிட்ட கொண்டு போனோம். அவரு கதையைக் கேட்டதுமே "குளிர்ல ஆகல, சூடானா ஆகுதுன்னா மொதல்ல எஸ்எம்பிஎஸ்ஸைத்தான்பா சந்தேகப்படணும்"னாரு. எஸ்எம்பிஎஸ்னா கம்ப்யூட்டருக்கு உள்ள எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்கற பவர் சப்ளை டப்பா. அதுக்குள்ள இருக்கற, கரண்டை சேத்து வெக்கற கெப்பாசிட்டர் வயசானா குளிர்ல இன்னும் மோசமாயிடுமாம், அதனாலதான் சேலத்து வெக்கைல நல்லா ஓடி, ஏற்காட்டுல மக்கர் பண்ணியிருக்கு. மல்டிமீட்டர் வெச்சு லோடு குடுத்து, அதாவது கரண்டை இழுக்க வெச்சு பாத்தா, 12 வோல்ட் லைன் 10 கிட்ட இறங்குது, 11.4க்கு கீழ போகவே கூடாது. புது எஸ்எம்பிஎஸ் மாட்டி, அந்த "செத்துப்போன" பழைய போர்டையே திருப்பிப் போட்டாரு. அட்டகாசமா ஆன் ஆச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுது, நல்லா இருந்த போர்டைக் கழட்டிட்டு செகண்ட் ஹேண்டு போர்டை அந்த விலைக்கு தலைல கட்டியிருக்காங்க. இது போதாதுன்னு 8 ஜிபி ராம் இருந்த எடத்துல 4 ஜிபி!

குடுக்கறதுக்கு முன்னாடி கேபினெட்டைத் திறந்து போர்டு, ராம், ஹார்டு டிஸ்க் சீரியல் நம்பரை போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. போர்டு போச்சுன்னா வேற நல்ல எஸ்எம்பிஎஸ் மாட்டி உங்க கண்ணு முன்னாடி காட்டச் சொல்லுங்க, அஞ்சு நிமிஷ வேலை அது. எஸ்எம்பிஎஸ்ல இருந்து வர்ற பச்சை வயரையும் கருப்பு வயரையும் கம்பியால சேத்து ஃபேன் சுத்துது பாருங்க, எஸ்எம்பிஎஸ் நல்லா இருக்குன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, லோடு இல்லாம சுத்தறதுக்கு அர்த்தமே இல்ல. வீட்டுலயே பாக்கறேன்னு எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் தயவுசெஞ்சு திறக்காதீங்க, பிளக்கை உருவுனாலும் உள்ள ஷாக் அடிக்கற அளவுக்கு கரண்ட் நிக்கும். ராமைக் கழட்டி அழி ரப்பர்ல தேச்சு மாட்டறது, போர்டுக்கு கரண்ட் வர்ற 24 பின் கனெக்டரும் பிராசசர் பக்கத்து 4 பின் கனெக்டரும் நல்லா அமுங்கியிருக்கான்னு பாக்கறது, இதெல்லாம் நாமளே பண்ணலாம்.

கடைக்காரர் இன்னும் பணம் தரல, ராமும் தரல. 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் குடுத்திருக்கோம், துண்டுச் சீட்டையும் ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டையும் பத்திரமா வெச்சிருக்கோம், அதுலயும் நடக்கலன்னா மாவட்ட நுகர்வோர் கமிஷனுக்குப் போறதா மாமா முடிவு பண்ணிட்டாரு.